கை படாத சூடம்

வெள்ளியங்கிரி மலையின் உச்சிப் புல்வெளி முழுக்க வெள்ளையாகக் கிடந்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். வடக்கே இமயமலையில் விழும் பனி அல்ல அது. கோடை இடியோடு கொட்டிய ஆலங்கட்டி. ஆனால் கணுக்கால் புதையும் அளவுக்கு விழுந்து, புல்லை மூடி, கிட்டங்கியில் கொட்டிவைத்த பஞ்சு போல மேடு பள்ளம் தெரியாமல் ஒரே பரப்பாகக் கிடந்தது. ஐந்து பேர் அதன்மேல் வெறுங்காலோடு நின்றோம். ஐந்து பேரில் மூன்று பேருக்கு ரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்த மூவரில் ஒருவருக்கு மட்டும்தான் வானம் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது கோயமுத்தூரில் ஒரு பஞ்சு அரைக்கும் பாக்டரியில் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. என் அக்காளைக் காரமடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்காளின் வீட்டுக்காரரை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் ஒரே கிணறு. கிணற்றின் கீழ்க்கரையில் மச்சானுடைய நீர் இறைக்கும் கவலை, மேல்கரையில் அந்தப் பங்காளியுடைய கவலை. ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை.

கவலை ஓட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல்பை கிணற்றுக்குள் இறங்கி நிறையும். பையைக் கட்டிய வடக்கயிறு உருளைமேல் ஏறி வந்து நுகத்தடியில் முடியும். மாடுகள் இரண்டும் சரிவில் இறங்கி இழுக்க, பை மேலே வரும். ஓட்டுகிறவர் அந்த வடத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் எடையும் சேர்ந்து இழுக்கும். வடம் அறுந்தால் மாடும் ஆளும் தலைகுப்புறச் சரிவில் விழ வேண்டியதுதான்.

அந்தப் பங்குனியில் பங்காளியின் வடம் அப்படித்தான் அறுந்தது. பங்காளிக்கு உதடு கிழிந்தது, முன்பல் போயிற்று. நுகத்தில் வலப்பக்கம் கட்டியிருந்த வலத்து மாட்டுக்கு முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. அது எழுந்திருக்காமலே கிடந்து செத்தது. அறுந்த வடத்தை அவர் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினார். அதில் பாதி நார்நாராகப் பிய்ந்திருந்தது. பாதி சீராக இருந்தது. அரிவாள் போட்டது என்றார் பங்காளி. எலி கடித்தது என்றார் மச்சான். கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, யார் யாருடைய முறையில் கூடுதலாக இறைத்தார்கள் என்று அதற்கு முந்தின மாதம்தான் இருவரும் மண்வெட்டியைத் தூக்கியிருந்தார்கள்.

ஊர்ப் பொதுக்காரியம் பார்க்கும் கொத்துக்காரர் நடுவில் வந்தார். எங்கள் பக்கத்தில் சாட்சி இல்லாத வழக்கு சூடத்துக்குத்தான் போகும். ஈர வேட்டியோடு சாமி முன்னால் நின்று, எரிகிற சூடத்தை வலது உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்ல வேண்டும். பொய்யாக அணைத்தவர் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது நம்பிக்கை. மச்சான் வெள்ளியங்கிரியில் சூடம் அணைத்தால் செத்த மாட்டின் பேச்சு அதோடு முடிந்தது. அணைக்காவிட்டால் தன் சோடி மாட்டில் ஒன்றை அவிழ்த்துப் பங்காளிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு பங்காளியால் தண்ணீர் இறைக்க முடியாது. அந்த வெயிலில் மாடு இரவல் கொடுக்கவும் ஆள் கிடையாது. அவருடைய வாழை அப்போதே மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வருஷப்பிறப்பும் பெரிய வெள்ளி விடுமுறையும் சேர்ந்தாற்போல் வந்ததால் பாக்டரி மூடியிருந்தது. பக்கத்துக்கு ஒரு சாட்சி என்று பேச்சு. பங்காளிக்கு அவருடைய மைத்துனர். கோயமுத்தூர் மில்லில் வேலை, பஞ்சுப் பேல் தூக்கிப் பழகிய தோள். மச்சானுக்கு நான்.

புறப்படும் முன் அக்காள் என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, நீயும் போறியாமா?"

"மச்சான் பக்கம் ஒரு ஆளு வேணுமாமுங்க்கா."

"அவிய சூடத்தெ அணைக்கக் கூடாது. எப்படியாச்சும் தடுத்துப்போடு."

"அப்ப அவருதான் அறுத்தாருங்கறீங்களா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா உன்னையெ எதுக்குக் கேக்கறேன்? அறுக்காம அணைச்சா நல்லது. அறுத்துப்போட்டு அணைச்சாருன்னா என்ற ஊட்டுல ஒண்ணு போயிரும். இது ரெண்டுல எதுன்னு தெரியாம நான் எப்படி உக்காந்துட்டிருக்கறது?"

"அவரையே கேக்கறதுதானுங்க?"

"கேட்டேன். சொம்பெத் தூக்கி வீசினாரு." சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். "என்மேல வீசலெ. செவுத்துமேலதான். அதுலயும் எனக்கு ஒண்ணும் வெளங்கலெ."

பக்கத்தில் இரண்டு மாடுகளும் அசை போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் அப்பா சீர்வரிசையாக அனுப்பிய காங்கேயம் பசுவின் ஈற்றுகள் அவை. கன்றிலிருந்து அக்காள் வளர்த்தவை. ஒன்றன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "நீ பாத்ததெப் பாத்தபடி வந்து சொல்லு. கூட்டாதெ, கொறைக்காதெ. நீ எடை பாக்கறவன்" என்றாள்.

காரமடையிலிருந்து ரயிலில் கோயமுத்தூர். அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். பிறகு வண்டி கட்டிக்கொண்டு பூண்டி. விரதம் இருந்து மலைக்குப் போகிறவர்கள் வாயால் கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. அதனால் இருவரும் வழியெல்லாம் மரியாதையாகவே சண்டை போட்டார்கள்.

"அண்ணனுக்குப் பொரி குடுங்க. நெறையச் சாப்படோணும். பொய் சொல்றதுக்குத் தெம்பு வேணுமுங்க" என்பார் பங்காளி.

"தம்பிக்கு வேண்டாமுங்க. பல்லு இல்லாத வாய்க்குப் பொரி ஆகாதுங்க" என்பார் மச்சான்.

பொரி மூட்டை கொத்துக்காரரிடம் இருந்தது. இருவரும் சண்டை போடப் போட அவர் தின்றுகொண்டே வந்தார்.

சூடமும் வத்திப்பெட்டியும் என் பொறுப்பு என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எதையும் ஒழுங்காகக் கட்டி வைப்பவன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. கரையாமலிருக்க மிளகு போட்டுச் சூடத்தை டப்பாவில் அடைத்து, வத்திப்பெட்டியோடு சேர்த்து மெழுகுத்துணியில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

முதல் மலையேறி வெள்ளைப் பிள்ளையார் கோயிலருகே தங்கிவிட்டு விடிந்ததும் மேலே நடந்தோம். செருப்பில்லை. ஆளுக்கொரு மூங்கில் தடி. காட்டைத் தாண்டிப் புல் மலைகளுக்கு வந்தபோது மலையாளத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தது. இறங்கி வந்த கூட்டத்தில் ஒருவர் நின்று சொன்னார்: "ஏனுங்க, மேக்கெ சரியில்லீங்க. மரம் இருக்கற பக்கம் எறங்கிருங்க. மேலெ ஒதுங்க எடமில்லீங்க."

கொத்துக்காரர் மச்சான் முகத்தையும் பங்காளி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன் எறங்கறதுன்னா எனக்கொண்ணும் இல்லீங்க. மாட்டெ அவுத்துக் குடுத்துப்போட்டு எறங்கட்டும்" என்றார் பங்காளி.

"தம்பிக்குப் பயமா இருந்தா அவரு எறங்கட்டுங்க. மாட்டுப் பேச்செ உட்டுப்போட்டு" என்றார் மச்சான்.

திரும்பலாம் என்று யார் முதலில் சொல்கிறாரோ அவர் தோற்றவர் ஆகிவிடுவார். சாட்சிகள் நாங்களும் வாயைத் திறக்க முடியாது. எந்தப் பக்கத்துச் சாட்சி சொன்னாலும் அந்தப் பக்கம் சொன்னதாகிவிடும். நடுவர் சொல்லலாம். ஆனால் அவர் சொன்னால் சூடத்தை நடுவரே தடுத்தார் என்று ஆகும். ஆகவே ஐந்து பேரும், மழை வருமென்று ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரிந்திருக்க, மேலே நடந்தோம். எங்களைத் தவிர மற்ற எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டி சுனையில் மச்சான் முழுகி எழுந்தார். ஈர வேட்டி காலில் ஒட்ட, கடைசி மலையில் ஏறத் தொடங்கினோம். பாதி ஏறியிருப்போம். காற்று சட்டென்று நின்றது. எங்கள் மூச்சு எங்களுக்கே கேட்டது. பிறகு சரிவின் கீழிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது, கல் ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் பாறைமேல் ஓடுவதுபோல. முதல் கட்டி கொத்துக்காரரின் வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் தலையைத் தொட்டுப் பார்த்து, கையில் ரத்தத்தைக் கண்டு, யார் எறிந்தது என்று திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் எல்லோர்மேலும் விழுந்தது.

எலுமிச்சங்காய் அளவு கட்டிகளும் இருந்தன. தோளில் பட்டால் தடியால் அடித்த மாதிரி இருந்தது. காதில் பட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இடி தலைக்கு மேல் இல்லை, பக்கத்தில் இருந்தது. துண்டைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடினோம். புல் படுத்துவிட்டது, அதன்மேல் வெள்ளை ஏறியது, காலடியில் உருண்டது. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, சாமி இருக்கும் பாறை இடுக்குக்குள் புகுந்தோம்.

பங்காளியின் மைத்துனரான மில்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கோயமுத்தூர்ல சோடாக்கடையில இதுக்குக் காசு கேக்கறானுங்க. இங்கெ சும்மாவே கொட்டுதுங்க."

பங்காளி நேராகச் சாமியைக் கும்பிட்டு எழுந்து, "சூடத்தெ எடுங்க" என்றார்.

"நிக்கட்டுமேப்பா. மழெ நின்னு..." என்றார் கொத்துக்காரர். தலையில் கட்டியிருந்த துண்டு சிவந்துகொண்டே வந்தது.

"எதுக்கு நிக்கோணுங்க? அண்ணன் ஈரமாத்தான் இருக்காரு. சாமியும் இருக்காரு."

மெழுகுத்துணியை அவிழ்த்தேன். சூடம் காய்ந்தே இருந்தது. வத்தியும் காய்ந்திருந்தது. ஆனால் அந்தப் பாறைகளுக்கு நடுவே இரண்டு பக்கமும் திறப்பு. ஒரு பக்கம் நுழைந்த காற்று ஊளையிட்டுக்கொண்டு மறுபக்கம் போயிற்று. கிழித்த குச்சியெல்லாம் அணைந்தது. மில்காரரும் கொத்துக்காரரும் துண்டை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். நான் குனிந்து, மார்பால் காற்றைத் தடுத்து, சூடத்தைக் கொளுத்தினேன். பிடித்துக்கொண்டது. சுடர் நிமிர்ந்தது.

மச்சான் சாமி முன்னால் முட்டி போட்டிருந்தார். வேட்டியிலிருந்து சொட்டியது. உடம்பு நடுங்கியது; பல் அடித்துக்கொண்டது. அது குளிரால் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் குளிரால் இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. "தம்பியோட வடத்தெ நான்..." என்று தொடங்கி வலது கையைத் தூக்கினார். கை இறங்கி வந்தது. அந்த நேரத்தில் காற்று திசை மாறி அடித்தது. மறைப்புத் துண்டு எகிறி மில்காரரின் முகத்தில் மூடியது. சுடர் படுத்தது, போய்விட்டது. அதற்கப்புறம்தான் கை கல்லில் வந்து விழுந்தது.



"ஆச்சு. அணைச்சாச்சு" என்றார் மச்சான்.

"அணைக்கலீங்க. காத்துல அணைஞ்சுதுங்க" என்றார் பங்காளி.

"என்ற கை எறங்குச்சா இல்லையா?"

"எறங்குச்சுங்க. ஆனா சூடத்துமேல படலீங்க. சாமியே உங்க கைக்கு முந்தி அணைச்சுப்போட்டாருங்க. உங்க சத்தியம் வேண்டாம்ங்கறாரு."

"வேண்டாம்ங்கறாருன்னா என்ன அர்த்தம்? இவன் நல்லவன், இவனுக்குச் சத்தியம் எதுக்குங்கறாரு."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். சூடத்துக்கு மிக அருகில் இருந்தவன் நான்தான்.

"மாப்ளே, சொல்லு. பட்டுச்சா?"

"படலீங்க மச்சான். ஒரு சாண் மேலெ இருக்கறப்பவே அணைஞ்சுபோச்சுங்க."

அக்காள் சூடத்தைத் தடுக்கச் சொல்லியிருந்தாள். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. கை படவில்லை. அவ்வளவுதான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் வைய வேண்டியது எல்லாம் இருந்தது; விரதம் என்பதால் வாயில் வரவில்லை.

"அப்பக் கேக்க வேண்டியதேயில்லீங்க. இன்னொரு சூடம் ஏத்துங்க" என்றார் பங்காளி.

"ஒரு சத்தியத்துக்கு ஒருக்காத்தான் சூடம். மறுக்கா ஏத்துனா மொதல்ல ஏத்துனது பொய்யின்னு ஆகும். நான் அணைக்கமாட்டேன்." மச்சான் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆலங்கட்டி இன்னும் விழுந்துகொண்டிருக்க, வெளியே இறங்கி நடந்தார்.

பங்காளி பின்னாலேயே ஓடி அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்தார். "அண்ணா, நில்லுங்க. மாட்டுக்கு வழி சொல்லிப்போட்டுப் போங்க."

மச்சான் திரும்பின வேகத்தில் மூங்கில் தடி பங்காளியின் காதோரம் விழுந்தது. ஏற்கனவே பல் போன முகம். பங்காளி உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்து வழிந்த ரத்தம் வெள்ளைமேல் சொட்டிச் சொட்டிப் பள்ளம் போட்டது. மச்சான் மறுபடி ஓங்கினார். இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதுக்குக் கையைத் தூக்கும்போது பங்காளி உட்கார்ந்தபடியே தன் தடியை இரண்டு கையாலும் பிடித்து வீசினார். மச்சானுடைய வலது மணிக்கட்டில் பட்டது. உலர்ந்த சுள்ளி ஒடியும் சத்தம் எனக்குப் பாறைக்குள்ளேயே கேட்டது. கை அவர் சொன்னபடி கேட்காமல் தொங்கியது. கையைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைப் பின்னால் வைத்தார். அந்தக் கால் வழுக்கியது.

அந்த இடத்தில் மலை சரிந்து, சரிவின் கடைசியில் அறுத்துவிட்ட மாதிரி முடிகிறது. அதற்குக் கீழே மேகம்தான் இருந்தது. மல்லாக்க விழுந்த மச்சான் ஆலங்கட்டியோடு ஆலங்கட்டியாகச் சறுக்கிக்கொண்டு போனார். கத்தவில்லை. விளிம்புக்குச் சற்று மேலே பெயர்ந்து நின்ற ஒரு கல்லில் இடது கையை மாட்டிக்கொண்டார். இடுப்புக்குக் கீழே விளிம்புக்கு வெளியே போய்விட்டது.

முதலில் இறங்கியவர் பங்காளிதான். யாரும் சொல்லவில்லை. குப்புறப் படுத்து, தலை கீழாக, ரத்தம் கண்ணில் வழிய, ஊர்ந்து போனார். மில்காரர் படுத்து அவர் கால்களைப் பிடித்தார். நான் மில்காரரின் கால்களைப் பிடித்தேன். கொத்துக்காரர் என் இடுப்பில் எல்லோருடைய துண்டுகளையும் முடிந்து கட்டி மறுமுனையைப் பாறையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிகள் எங்கள் முதுகில் விழுந்துகொண்டே இருந்தன.

பங்காளி மச்சானுடைய இடது கையைப் பிடித்துவிட்டார். "புடிச்சாச்சு" என்றார். நாங்கள் இழுக்கத் தயாரானோம்.

"இருங்க. இழுக்காதீங்க" என்றார் பங்காளி.

பிறகு நிதானமாக, மரியாதை குறையாமல் கேட்டார்: "அண்ணா. இப்பச் சொல்லுங்க. வடத்தெ அறுத்தீங்களா?"

"தம்பி, இது முறையில்லெ" என்று பின்னாலிருந்து கத்தினார் கொத்துக்காரர்.

"இதான் முறைங்க" என்றார் எனக்கு முன்னால் படுத்திருந்த மில்காரர். "இழுத்துப்போட்டுக் கேட்டா அண்ணன் மறுக்காவும் சூடத்துக் கணக்குத்தான் பேசுவாருங்க."

மச்சான் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "கை வழுக்குது."

"வழுக்குதுங்க. சொல்லுங்க."

பங்காளி கேட்டது விளையாட்டில்லை. மில்காரரின் கால்களில் பளு என் கைக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தார்கள். என் முழங்கைத் தோல் உரிந்தது. அப்போது மச்சான் சொன்னார்.

"ஆமா. அறுத்தேன். இழு."

இழுத்தோம்.

மேலே வந்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆலங்கட்டி நின்று மழை பிடித்தது. மச்சானின் கையை என் துண்டால் மார்போடு கட்டினேன். மலை முழுக்க வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில் நாங்கள் போராடின இடம் மட்டும் கலைந்து, சிவப்பும் சேறுமாகத் தனியாகத் தெரிந்தது.

இறங்கும்போது கால் மரத்துப்போனதால் எங்கே வெட்டுப்பட்டது என்று தெரியவில்லை. காட்டுக்குள் நுழைந்து சூடு வந்த பிறகுதான் எரிந்தது. பங்காளி முன்னால் நடந்தார். வழுக்கும் இடங்களில் நின்று, திரும்பாமலே தடியைப் பின்னால் நீட்டுவார். மச்சான் இடது கையால் அதைப் பிடித்து இறங்குவார். இறங்கியதும் விட்டுவிடுவார்.

பூண்டியில் வண்டி காத்திருந்தது. ஏறுவதற்கு முன் பங்காளி நின்றார். "கொத்துக்காரருங்க, நீங்களும் கேட்டீங்க. மாடு எப்பங்க அனுப்பறது?"

மச்சான் முந்திக்கொண்டார். "எந்த மாடு?"

"மேலெ சொன்னீங்களே அண்ணா."

"உசுருக்குச் சொன்னது. அந்தரத்துல புடிச்சுக்கிட்டு, உன்ற அப்பனெக் கொன்னியான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். அது சத்தியத்துல சேருமாங்க, கொத்துக்காரரே?"

கொத்துக்காரர் தலைக்கட்டைத் தடவினார். கை படாமல் அணைந்த சூடம் ஒன்று, அந்தரத்தில் சொன்ன வார்த்தை ஒன்று. இரண்டில் எதற்கும் அவரிடம் வழக்கம் இல்லை. "சேரும்னும் சொல்ல முடியாதுங்க, சேராதுன்னும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

மில்காரர் மச்சானை நோக்கி ஓரடி வைத்தார். பங்காளி கையை நீட்டி மறித்தார். "வேண்டாம் உடுங்க. ஒரு கை ஒடிச்சாச்சு. இன்னொண்ணையும் ஒடிச்சா எனக்கு மாடு வந்துருமா?" வண்டியில் ஏறவில்லை. அவரும் மில்காரரும் நடந்தே போனார்கள்.

காரமடை வந்து சேர்ந்த மறுநாள் காலையில், கட்டுப் போடுகிறவர் வந்து மச்சானின் மணிக்கட்டை நீவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவர் நீவும்போது மச்சான் பக்கத்தில் இருந்த நெற்குதிர் ஒன்றைக் காலால் உதைத்து உடைத்தார். அவர் போனதும் அக்காள் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள்.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். கை இறங்கியது, படாமல் அணைந்தது, மறுபடி ஏற்றமாட்டேன் என்றது, தடி, மணிக்கட்டு, மேலே சொன்ன வார்த்தை, கீழே சொன்ன வார்த்தை. கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அக்காள் ஒன்றுதான் கேட்டாள். "உசுருக்குச் சொன்னேன்னாரே, அப்ப ஆரெப் பாத்துச் சொன்னாரு?"

யோசித்தேன். "ஆரையும் பாக்கலீங்க. வண்டி மாட்டெப் பாத்துட்டிருந்தாருங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு நுகத்தில் இடப்பக்கம் பூட்டுகிற இடத்து மாட்டை அவிழ்த்தாள். சோடியில் அதுதான் திடமான மாடு.

மச்சான் வாசலுக்கு வந்துவிட்டார். இடது கையில் சாட்டை. "எங்கெ ஓட்டிட்டுப் போறெ?"

"உங்க தம்பி ஊட்டுக்குங்க."

"கட்டு அதெ."

"எங்கப்பன் ஊட்டுப் பசு போட்ட கன்னுங்க இது. நீங்க அறுக்கலீன்னா அறுக்கலேன்னு ஒரு வார்த்தெ சொல்லுங்க. திருப்பிக் கட்டிப்போடறேன். சூடம் வேண்டாம். இப்ப ஆரும் உங்களெ அந்தரத்துல புடிச்சுட்டு நிக்கலெ."

சாட்டை விழுந்தது. அவள்மேல் விழவில்லை, மாட்டின் முதுகில். மாடு எகிறி அவளைத் தூணோடு சேர்த்து அடித்தது. அவள் கயிற்றை விடவில்லை. நான் நடுவில் போனேன். "நீ தள்ளு" என்றாள் என்னிடம். மச்சான் மறுபடி வீசினார். மாட்டின் விலாவில் தோல் தெறித்தது. இடது கையாதலால் மூன்றாவது வீச்சு தன் காலிலேயே சுற்றிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்துத் தரையில் எறிந்தார்.

"சொல்லுங்க" என்றாள் அக்காள். அவள் நெற்றியில் தூண் பட்ட இடம் வீங்கிக்கொண்டு வந்தது.

மச்சான் வாயைத் திறந்தார். மூடினார். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கயிற்றைப் பிடித்து அவர் பக்கத்திலேயே, அவர் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டும் என்கிற மாதிரி, நேராக நடந்தாள். அவர் ஒதுங்கினார். அவள் வாசல் தாண்டிய பிறகு அவர் குரல் வந்தது.

"இடத்துல கட்டிப் பழகின மாடு அது. வலத்துல கட்டினா இழுக்காதுன்னு சொல்லிப்போடு."

அக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டாள் என்பது அவள் நடை ஒரு கணம் நின்று தொடர்ந்ததில் தெரிந்தது.

மத்தியான ரயிலுக்கு நான் புறப்பட்டேன். மச்சான் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். சொல்லிக்கொள்ளக் கிட்டே போனேன். அப்போது கிணற்றின் மேல்கரையிலிருந்து உருளைச் சத்தம் வந்தது. பல நாளாக ஓடாத உருளை, கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் வர வெகு நேரம் ஆயிற்று.

மச்சான் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வலத்துலதான் கட்டியிருக்கான்" என்றார்.